நாலு படுக்கை வண்டி

முரளி,

நேற்று சாயங்காலம் நீ அம்மாவிடம் போனில் பேசியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். மோட்டார் ஷெட்டுப் பூட்டு துருப்பிடித்துப்போய், அதற்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு ஒரு காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டாய். "பசங்க என் கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே வராங்கம்மா. காணிப்பாக்கம், காளஹஸ்தி, திருமலை எல்லாம் சுத்திக் காட்டணும். வேன் பேசிடலாம். ஆனா வெளியாள் எதுக்கு? நைனாவே ஓட்டிட்டா நல்லா இருக்கும். நீ கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்." அம்மா என்னைப் பார்த்தாள். நான் பூட்டைப் பார்த்தேன். "அவரு இங்க இல்லப்பா, மோட்டார் போடப் போய்க்கினு இருக்காரு. வந்தா சொல்றேன்" என்றாள். உனக்காக அவள் என்னிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாள். எனக்காக உன்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை.

அதனால் பதிலை எழுத்தில் தருகிறேன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். உன்னைத் தெலுங்கு மீடியத்தில் போட்டோம், அப்புறம் சித்தூரில் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றினோம், தமிழ் வீட்டோடு நின்றுவிட்டது. பரவாயில்லை, மெதுவாகப் படி. நாலு பேர் படிக்கிற பத்திரிகையில் இதைப் போடச் சொன்னதற்கும் காரணம் உண்டு. ஸ்டியரிங் பிடித்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த அப்பாக்கள் நம் பாலசமுத்திரத்தில் மட்டும் இல்லை, எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் உன்னைப் போலவே நல்ல சம்பளத்தில், நல்ல சட்டையில், நல்லவர்களாகவே இருக்கிறார்கள். நீ கெட்டவன் என்று நான் எங்கேயும் சொல்லப்போவதில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இத்தனை பக்கம் எழுத வேண்டிய வேலை இல்லை.

நான் பம்பாய்க்கு எத்தனை தடவை போனேன் என்று எண்ணியது கிடையாது. மாம்பழ சீசன் வந்தால் பங்காருபாளையம் மண்டியில் லோடு ஏற்றிக்கொண்டு பலமநேர், கோலார், பெங்களூரு, ஹூப்ளி, கோலாப்பூர், புனே என்று போவேன். பழம் பழுக்க ஆரம்பித்துவிடும் என்பதால் வழியில் எங்கேயும் உட்கார முடியாது. ஆனால் பம்பாய் என்று நாங்கள் சொன்ன இடம் பம்பாய் இல்லை. மார்க்கெட் வாஷியில் இருக்கிறது. வாஷிக்கும் ஊருக்கும் நடுவில் கடல் உள்ளே புகுந்து கிடக்கிறது, அதன் மேல் ஒரு பாலம். அந்தப் பக்கம்தான் நீங்கள் எல்லாம் போட்டோவில் பார்க்கிற பம்பாய். நான் இந்தப் பக்கத்தோடு சரி. பகலில் லாரியை ஊருக்குள் விட மாட்டார்கள். வண்டியை விட்டுவிட்டுப் போகலாம் என்றால், பாதி இறக்கிய லோடை யார் பார்ப்பது? இறக்கி முடிந்ததும் ஓனர் போன் பண்ணிவிடுவார், வெங்காய லோடு தயாராக இருக்கிறது, ஏற்றிக்கொண்டு கிளம்பு என்று. மார்க்கெட் குழாயில் குளித்து, வண்டி நிழலில் மண்ணெண்ணெய் ஸ்டவ் வைத்துச் சோறாக்கி, சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலகையில் படுத்து எழுந்து, திரும்பிவிடுவேன். வண்டியிலேயே சமைப்பதற்கும் வண்டியிலேயே தூங்குவதற்கும் இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது, அதற்கு வாடகை கொடுத்துப் போகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு உன் மூலமாகத்தான் தெரிந்தது.

கால் முட்டி போன பிறகு லாரியை விட்டேன். திருப்பதியில் டூரிஸ்ட் வேன் ஓட்டினேன். நீ அப்போது காலேஜில் இருந்தாய். லாரியில் தனியாக இருந்தவரை எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தை அந்த வேலைதான் காட்டியது. ஒரு வண்டியில் பதினைந்து பேர் போனால், அதில் பதினாலு பேர் மனிதர்கள், ஒருவன் டிரைவர். வழியெல்லாம் அண்ணா, அண்ணா என்று பேசிச் சிரித்துக்கொண்டு வருவார்கள். லாட்ஜ் வாசலில் இறங்கியதும் அண்ணா வண்டியோடு நின்றுவிட வேண்டும். "நீங்க வண்டியிலயே படுத்துக்குவீங்க இல்ல?" என்பார்கள். கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் பதிலுக்கு நிற்க மாட்டார்கள். மலைக்கு வாரத்துக்கு மூன்று தடவை போய்வந்த எனக்கு சாமியைவிட பார்க்கிங் மைதானம்தான் நன்றாகத் தெரியும். எந்த மரத்துக்கு எத்தனை மணிக்கு நிழல் வரும் என்று கேள், சொல்கிறேன். இதையெல்லாம் வீட்டில் வந்து சொன்னதில்லை. சொல்லியிருந்தால் உனக்கு உறைத்திருக்குமோ என்னவோ. உன் கல்யாணம் பேசும்போது பெண் வீட்டாரிடம் "நைனா டிரான்ஸ்போர்ட் லைன்ல இருந்தார்" என்று சொன்னாயே, அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. லைனில் இருந்தது ஓனர். நான் வண்டியில் இருந்தேன்.

போன மார்கழியில் நீ போன் பண்ணினாய். "நைனா, மும்பைக்கு வா. நீ பாக்காத மும்பையைக் காட்டறேன். ரெண்டு நாள் சுத்தலாம். அப்புறம் நான் ஃபிரண்ட்ஸோட கேம்பர் வேன்ல கோவா பக்கம் போறேன். உனக்கு ரிட்டர்ன் டிக்கெட் போட்டுக்கலாம்." கேம்பர் வேன் என்றால் என்ன என்று கேட்டேன். உள்ளே படுக்கை, அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், எல்லாம் இருக்கிற வண்டி என்றாய். நான் சிரித்தேன், நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் ரொம்ப நாள் வைத்திருந்தேன். மண்டி டீக்கடையில் போய்ச் சொன்னேன், என் பையன் பம்பாய் காட்டக் கூப்பிட்டிருக்கிறான் என்று. அங்கே இருந்த ஒருவன், "உனுக்குத் தெரியாத பம்பாயா அண்ணா? நீ இன்னாத்தப் புதுசா பாக்கப்போற?" என்றான். "பாலத்துக்கு அந்தாண்ட" என்றேன். அம்மா எனக்குப் புதுச் சட்டை எடுத்தாள். "அங்க போயி கைலி கட்டிக்கினு திரியாதே. அவன் கூட வேல செய்றவங்கல்லாம் வருவாங்க. மானம் போயிடும் புள்ளைக்கு" என்றாள். உன் மானம் என் கைலியில் இருக்கிறது என்று அவளும் நம்பினாள், நானும் நம்பி இரண்டு பேன்ட் எடுத்து வைத்துக்கொண்டு ரேணிகுண்டாவில் ரயில் ஏறினேன்.

முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது, அதை இல்லை என்று சொன்னால் என் கட்டை வேகாது. கோட்டை மாதிரி இருக்கிற அந்த ரயில்வே ஸ்டேஷனை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், கழுத்து வலிக்கும் வரை நீயும் நின்றாய். கேட்வேயில் புறாவுக்குத் தானியம் போடச் சொன்னாய். எதிரே இருந்த பெரிய ஹோட்டலின் வாசலில் தலைப்பாகை கட்டிய காவல்காரர் ஒருவர் வெயிலில் நின்றிருந்தார். அவருக்கு என் வயது இருக்கும். உள்ளே ஒரு டீ சாப்பிடலாமா என்று கேட்டாய், வேண்டாம் என்றேன். படகில் ஏற்றினாய். தண்ணீரில் இருந்து ஊரைப் பார்த்தபோது, எத்தனை வருஷம் இதன் முதுகுப் பக்கத்திலேயே படுத்து எழுந்து போயிருக்கிறேன் என்று நினைத்தேன். உன் தோளில் கை போட்டேன். நீ அந்தக் கையை எடுக்கவில்லை. சாயங்காலம் கடற்கரைச் சாலையில் அந்த நீளமான சுவரில் உட்கார்ந்தோம். நான் சுண்டல் வாங்கலாம் என்றேன், அங்கே சுண்டல் இல்லை, நீ வேறு என்னவோ காரமாக வாங்கி வந்தாய். "எப்படி நைனா இருக்கு?" என்றாய். பலகாரத்தைக் கேட்டாயா கடலைக் கேட்டாயா தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்து நல்லா இருக்குடா என்றேன்.

இரண்டாம் நாள் ஒரு பாலத்துக்குக் கூட்டிப்போனாய். கீழே வரிசை வரிசையாகக் கல் தொட்டிகள், அதில் இடுப்பளவு சோப்புத் தண்ணீரில் நின்று ஆட்கள் துணி அடித்துக்கொண்டிருந்தார்கள். மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு வெள்ளைக்காரர்களும் நம் ஆட்களும் போட்டோ எடுத்தார்கள். "இது ரொம்ப ஃபேமஸ் நைனா" என்றாய். கீழே ஒருவர் நிமிர்ந்து மேலே பார்த்தார், முகத்தைத் துடைத்தார், மறுபடி குனிந்துவிட்டார். அவருக்கும் எங்களைப் பார்க்கப் பழகியிருக்கும். ஒருவன் பிழைப்பு இன்னொருவனுக்கு எப்படிடா வேடிக்கை ஆகிறது என்று உன்னைக் கேட்டேன். "நீ எதை எடுத்தாலும் இப்படித்தான் பேசுவே" என்றாய், சிரித்துக்கொண்டே. அன்று மதியத்துக்கு அப்புறம் எனக்கு நடக்கப்போவது தெரிந்திருந்தால், கீழே இறங்கிப் போய் அந்த மனிதரோடு ஒரு பீடி பிடித்திருப்பேன்.

மதியம் உன் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் அந்த வண்டி வந்து நின்றது. உன் நண்பர்கள் மூன்று பேரும் வந்திருந்தார்கள். மெட்ராஸ் பையன் கார்த்திக், கையில் கட்டுப் போட்ட ரோஹன், அதிகம் பேசாத கண்ணாடிக்காரன். வண்டியைப் பார்த்து எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. சுற்றி வந்தேன். டயரைத் தட்டிப் பார்த்தேன், பின் டயர் ஒன்றில் காற்று குறைவு என்று சத்தத்திலேயே தெரிந்தது. சொன்னேன். கார்த்திக் கை தட்டினான். "அங்கிள், வேற லெவல். இன்னொரு தடவை தட்டுங்க, வீடியோ எடுக்கறேன்." தட்டினேன். வாடகைக்கு விடுகிற ஆள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இந்தியில் கேட்டான், டிரைவர் யார் என்று. எனக்கு லாரி இந்தி போதும், புரிந்தது. ரோஹன் உன்னைப் பார்த்தான். உன் கை நீண்டு என்னைக் காட்டியது. அந்த ஆள் சாவியை என் கையில் வைத்தான்.

நீ என்னைத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாய். ஞாபகம் இருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். "நைனா, ரோஹன்தான் ஓட்டறதா இருந்தது. அவனுக்குக் கை போச்சு. எங்க யாருக்கும் இவ்ளோ பெரிய வண்டி பழக்கம் இல்ல. உனக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? அப்படியே கோவாவும் பாத்த மாதிரி இருக்கும்."

"அவனுக்குக் கை எப்படா போச்சு?"

"போன மாசக் கடைசியில. பைக்ல விழுந்துட்டான்."

நீ எனக்குப் போன் பண்ணியது அதற்கு அடுத்த வாரம். நீயும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாய் என்பது உன் முகத்தில் தெரிந்தது. "அப்படி இல்ல நைனா, உன்னைக் கூப்பிடணும்னு ரொம்ப நாளா..." என்று ஆரம்பித்து விட்டுவிட்டாய். அந்த வாக்கியத்தை நீ முடித்திருந்தால்கூட நான் நம்பியிருப்பேன்.

அதோடு போயிருந்தாலும் நான் கோவா வரை ஓட்டியிருப்பேன், முரளி. பிள்ளைக்கு ஓட்டுவது எனக்கு ஒரு கஷ்டமா? நீ நேராக ஒரு வார்த்தை, நைனா எங்களுக்கு ஆள் இல்லை, வந்து ஓட்டிக்கொடு என்று கேட்டிருந்தால் ரயிலில் நின்றுகொண்டே வந்திருப்பேன். ஆனால் அதற்கு அப்புறம் இன்னொன்று நடந்தது. தங்குகிற இடத்துக்குக் கார்த்திக் போன் போட்டான், ஸ்பீக்கரில். கடலோரத்தில் வண்டியை நிறுத்த இடம் கொடுக்கிறவர்கள். எத்தனை பேர் என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். நாலு பேர், ஒரு டிரைவர் என்றாய் நீ. டிரைவர்களுக்குத் தனியாக ஷெட் இருக்கிறது, பாய் கொடுப்போம், கெஸ்ட் ஏரியாவுக்குள் மட்டும் வரக்கூடாது என்றார்கள். கார்த்திக் போனைக் கையால் மூடிக்கொண்டு, "டேய், அங்கிள்டா" என்றான். வண்டிக்குள் நாலு படுக்கை. நான் ஐந்தாவது ஆள். கார்த்திக் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் வேறு யாரோ பெற்ற பிள்ளை. நீ உன் பையில் சார்ஜரைத் தேடிக்கொண்டே சொன்னாய், "பரவால்லடா. அவருக்குப் பழக்கம்தான்."

இந்தச் சொல்லைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தது. நீ ஆறாவது படிக்கும்போது கோடை லீவில் என்னோடு லோடு ஏற்ற மண்டிக்கு வந்தாய். எங்களுக்கு முன்னால் நிறைய வண்டி, மத்தியானம் முழுக்க வரிசையில் நின்றோம். உனக்குத் தூக்கம் வந்துவிட்டது. பலகையில் உன்னைப் படுக்கவைத்து, ஜன்னலில் ஈரத் துண்டு கட்டிவிட்டு, நான் வண்டிக்கு அடியில் தார்ப்பாயை விரித்துப் படுத்தேன். ஆயில் சொட்டி என் சட்டையெல்லாம் கறை. நீ எழுந்து இறங்கி வந்து, "நைனா, ஏன் கீழ படுத்துக்கினு கீற?" என்று கேட்டாய். எனக்குப் பழக்கம்டா கண்ணு என்று நான்தான் சொன்னேன். அந்தச் சொல்லை நீ என்னிடமிருந்துதான் எடுத்தாய், தெரியும். ஆனால் நான் அதைச் சொன்னது நீ மறுபடி ஏறிப் படுக்க வேண்டும் என்பதற்காக. நீ சொன்னது நீ ஏறிப் படுக்க வேண்டும் என்பதற்காக. தரையில் தூங்க எந்த முதுகும் பழகுவதில்லை, முரளி. வேறு வழியில்லாதவன் அப்படிச் சொல்லிக்கொள்கிறான், வழி இருக்கிறவன் அதைப் பிடித்துக்கொள்கிறான். துணி அடிக்கிறவருக்கு சோப்புத் தண்ணீர் பழக்கம், வாசலில் நிற்கிறவருக்கு வெயில் பழக்கம், சாக்கடையில் இறங்குகிறவனுக்கு நாற்றம் பழக்கம். இந்த நாடு பாதி பேரை இந்த ஒரு வார்த்தையைச் சொல்லித்தான் கீழே படுக்கவைத்திருக்கிறது. அதை நான் முதலாளிகள் வாயில் கேட்டிருக்கிறேன், லாட்ஜ் மேனேஜர்கள் வாயில் கேட்டிருக்கிறேன். என் வீட்டில் இருந்து ஒரு ஆள் படித்து மேலே போனால் இந்த வார்த்தையைச் சொல்லாத ஆளாகப் போவான் என்று நினைத்துத்தான் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்தேன்.

அடுத்த நாள் காலை வண்டியை எடுத்தேன். சண்டை போடவில்லை என்பதால் நான் சமாதானம் ஆகிவிட்டேன் என்று நீ நினைத்தாய். பாட்டுப் போட்டீர்கள். காலைப் போக்குவரத்தில் ஊரை விட்டு வெளியே வந்து, அந்தப் பாலத்தில் ஏறினேன். வாழ்க்கையில் முதல் தடவை. எதிர்ப்பக்கம் இருந்து எத்தனையோ தடவை பார்த்த பாலத்தை ஒரு நாள் டிரைவராகத்தான் கடக்கப்போகிறேன் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. சாம்பல் நிறத்தில் தண்ணீர், சேறு, தூரத்தில் நாலு வலைப் படகு. கார்த்திக் மட்டும், "அங்கிள், வண்டி தண்ணி மாதிரி போகுது" என்றான். பாலம் இறங்கியதும் நேராகப் போகாமல் திருப்பினேன். மார்க்கெட் கேட்டுக்கு முன்னால், லாரிகள் நிற்கிற இடத்தில் ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, என் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"இன்னா நைனா, டீசலா?" என்றாய். பதற்றம் வந்தால்தான் உனக்கு நம் ஊர்ப் பேச்சு வருகிறது.

"இல்லடா. என் ரூட்டு இதோட முடிஞ்சிபோச்சு. இந்தா சாவி."

"ஃபிரண்ட்ஸ் முன்னாடி ஏன் நைனா இப்படிப் பண்றே?"

"உன்னாண்ட லைசென்ஸ் கீது இல்ல? ஓட்டு. பின்னாடி நீளம் தெரியலன்னா கண்ணாடியப் பாரு. திரும்பறப்ப அவசரப்படாதே. பின் டயருக்குக் காத்து அடிச்சிடு."

"எனக்குப் பழக்கம் இல்ல நைனா."

"பழகிக்கோ" என்றேன். அதற்கு மேல் பேசியிருந்தால் அந்த இடத்தில் எல்லோர் முன்னாலும் அழுதிருப்பேன், அதை நீங்கள் வீடியோ எடுத்திருப்பீர்கள். இது அநியாயமான பேச்சு, கார்த்திக் எடுத்திருக்க மாட்டான். அவன் இறங்கி வந்து என் பையை வாங்கிக்கொண்டு கேட் வரை நடந்து வந்தான். நீ வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாய். அதையும் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.

உள்ளே பங்காருபாளையத்து லாரி ஒன்று நின்றது. ஓட்டுகிறவன் குமார், என்னிடம் கிளீனராக இருந்து தொழில் கற்றவன். புதுச் சட்டையும் பேன்ட்டுமாக என்னைப் பார்த்து, "இன்னா அண்ணா, மாப்ள கணக்கா வந்து நிக்கிற?" என்று சிரித்தான். ஊருக்கு வருகிறேன் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. வண்டியில் ஏறியதும் பலகையில் கிடந்த தன் துணிமணியை எல்லாம் முன்னால் தள்ளிவிட்டு, போர்வையை உதறிப் போட்டு, "நீ மேல படு அண்ணா" என்றான். அவனுக்கு அதைச் சொல்ல ஒரு நொடி யோசனை தேவைப்படவில்லை. சத்தாரா வரை தூங்கிக்கொண்டு வந்தேன்.

நீங்கள் கோவா போய்ச்சேர்ந்தீர்கள் என்று உன் போட்டோக்களில் பார்த்தேன். அம்மாதான் காட்டினாள். வண்டிக் கதவில் உட்கார்ந்துகொண்டு கையில் டீயோடு நீ. கீழே இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தாய், அர்த்தம் கேட்டதற்கு நம் ஊர் டீச்சர் பெண் சொன்னாள்: சாலைதான் என் வீடு, இதுதான் சுதந்திரம். நான் அந்த வீட்டில் முப்பது வருஷம் குடியிருந்தவன், முரளி. அங்கே சுதந்திரம் இருந்திருந்தால் எனக்கும் ஒரு தடவையாவது கண்ணில் பட்டிருக்கும்.

அம்மாவிடம் இதெல்லாம் சொன்னபோது அவள் உனக்கும் பரிந்து பேசவில்லை, எனக்கும் பரிந்து பேசவில்லை. அடுப்பில் இருந்ததை இறக்கிவிட்டு, "உனுக்கு ஒரு நாள்ல பொத்துக்கினு வந்துடுச்சி. உங்க ரெண்டு பேருக்கும் போட்டுட்டு மிச்சம் கீறத நான் துன்னறனே, அது இத்தினி வருசத்துல யாரு கண்ணுல பட்டுச்சி? கேட்டா அவளுக்கு அதான் பழக்கம்னுவீங்க" என்றாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒன்றாகத் தட்டு வைக்கச் சொல்கிறேன், அவள் இன்னும் எழுந்து எழுந்துதான் போகிறாள். உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, அதனால் இதைச் சொல்கிறேன். உன் வீட்டுக்கு வரப்போகிற பெண் ஒரு வேலையைத் தினமும் முகம் கோணாமல் செய்கிறாள் என்றால், அது அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று நீயாக முடிவு கட்டாதே. கேள். கேட்டுவிட்டுப் பதில் வரும் வரை நில். எனக்குத் தெரிந்த குடும்ப அறிவுரை இவ்வளவுதான், அதுவும் தாமதமாகத் தெரிந்தது.

இப்போது நீ கேட்ட வேன் விஷயம். உன் நண்பர்களை நான் சுற்றிக்காட்ட மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையின் அப்பா காளஹஸ்தி பார்க்கிங்கில் நின்றுகொண்டிருந்தால், பந்தலில் வருகிறவர்களை யார் வாங்க என்று கூப்பிடுவது? அது எனக்கு உள்ள வேலை, ஒரே ஒரு தடவை கிடைக்கிற வேலை. அதை நான் இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். வேனுக்குத் திருப்பதி பாஷாவைப் பேசியிருக்கிறேன். என்னோடு டூரிஸ்ட் ஸ்டாண்டில் இருந்தவர், மலைப் பாதையில் கண்ணை மூடிக்கொண்டு உட்காரலாம், அவ்வளவு நிதானமாக ஓட்டுவார். இரண்டு நாளும் அவர்தான்.

போன வாரம் திருச்சானூர் கல்யாண மண்டபத்துக்குப் போய் அறைகளைப் பார்த்தேன். டிரைவருக்கு இடம் எங்கே என்று மேனேஜரைக் கேட்டேன். "டிரைவர்லா? கிந்த பார்க்கிங்லோ படுக்குண்டாரு அன்னா. வாள்ளகி அலவாட்டே" என்றார். தெலுங்கிலும் அதேதான் சொல்கிறார்கள், கீழே படுத்துக்கொள்வார்கள், அவர்களுக்குப் பழக்கம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், நல்ல மனிதர்தான். நான் மாடியில் நாலு கட்டில் போட்ட ஒரு அறையை எடுத்தேன். ஃபேன் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது. உன் நண்பர்கள் மூன்று பேர். பாஷா ஒருவர். ஜன்னல் ஓரக் கட்டில் பாஷாவுக்கு, ஏனென்றால் விடிந்ததும் வண்டி எடுக்கப்போகிறவர் அவர், மற்றவர்கள் வண்டியிலேயே தூங்கிக்கொள்ளலாம். பந்தியில் அவருக்கு இடம் என் பக்கத்தில்.

அந்த அறைக்கு அவரை நான் கூட்டிப்போகப் போவதில்லை. நீதான் அவருடைய பையை வாங்கிக்கொண்டு, மாடி ஏறி, கதவைத் திறந்து, இவர் இங்கேதான் படுப்பார் என்று சொல்ல வேண்டும். ரோஹன் உன்னைப் பார்ப்பான். கண்ணாடிக்காரன் போனைப் பார்ப்பான். மேனேஜர் கீழே இடம் இருக்கிறதே என்று படியேறி வந்து சொல்வார். பாஷாவே, வேணாம் தம்பி, நான் வண்டியிலயே படுத்துக்கறேன், எனக்குப் பழக்கம்தான் என்பார். கட்டாயம் சொல்வார், டிரைவர்கள் நாங்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வோம். அப்போது நீ என்ன சொல்கிறாய் என்று கேட்க, நான் படிக்கட்டுக்குக் கீழே நின்றுகொண்டிருப்பேன். அம்மா எனக்கு எடுத்து வைத்திருக்கிற பட்டு வேட்டியை, அதைக் கேட்ட பிறகு கட்டிக்கொள்கிறேன்.

உன் நைனா
பாலசமுத்திரம்